முழுநேர வேலையோடு மாஸ்டர்ஸ்: வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், உதவுங்கள்

புதுவரவு
எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கிடைக்காது என்று நினைத்தே பகுதிநேர மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. இரண்டு வருடப் படிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். வேலையோ முழுநேரம். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை, வேலையில் மனசில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. சேரலாமா, வேண்டாமா?

இரவுப்பணி
முதல் வருடம் படிப்புப் பேச்சே வேண்டாம் தங்கச்சி. நான் வந்த புதிதில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவேன். வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்டார்கள், வீடு பிடிக்கப் போனால் வங்கிக் கணக்கு கேட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மாதம் நண்பன் வீட்டு ஹாலில் படுத்தேன். போனில் அம்மா "சாப்பிட்டாயா" என்று கேட்டால் பதில் சொல்லக் குரல் வராது. அந்த நிலையில் பாடப் புத்தகத்தைத் திறந்திருந்தால் உடைந்தே போயிருப்பேன். முதலில் காலூன்றுங்கள்.

ஒன்பதுவருடம்
அண்ணன் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். "கொஞ்சம் செட்டில் ஆகட்டும்" என்று தள்ளிப்போட்டவன் நான். முதலில் வீடு, அப்புறம் குழந்தை, அப்புறம் அப்பா உடம்பு. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது சேர்ந்திருக்கிறேன், என் பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்கு 24 வயது. கிடைத்த இடத்தை விடாதீர்கள்.

விசாக்கணக்கு
எந்த நாடு, எந்த விசா, என்ன படிப்பு, ஒன்றுமே சொல்லவில்லையே அம்மா! அது தெரியாமல் சேர், சேராதே என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசா என்றால் வேலையைத் தொடரும் வரை படிக்கலாம், தனி மாணவர் விசா வேண்டியதில்லை. மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால் இந்த முழுநேர வேலையைத் தொடர முடியாது. இன்னொன்று, எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அட்மிஷன் கடிதம் கையில் இருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடாது, அதற்குள் விசா நிலை மாற்றத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். படிப்பைப் பாதுகாப்பு என்று நம்பி நிறையப் பேர் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் என்ற வேலை விசா என்றாலும் படிக்கலாம். ஆனால் சில அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு முன்கூட்டியே ஏடாஸ் சான்றிதழ், அதாவது அந்தப் படிப்புக்கு அரசு தரும் பாதுகாப்பு அனுமதி, வாங்க வேண்டும். உங்கள் படிப்பு அதில் வருமா என்று பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

பத்துப்பாடம்
நேரில் போய் ஏன் அல்லாட வேண்டும்? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014லிருந்து கணினி அறிவியல் மாஸ்டர்ஸை முழுக்க ஆன்லைனில் நடத்துகிறது. மொத்தம் பத்துப் பாடம். நான் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று எடுக்கிறேன். அதுவும் லேசு இல்லை. போன மாதம் அசைன்மென்ட் அனுப்ப இரவு 11:59 கெடு. 11:52க்கு ஆபீஸில் சர்வர் விழுந்துவிட்டது என்று போன். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பாதி முடிந்த கோப்பை அப்படியே அனுப்பினேன். அந்தப் பாடத்தில் மதிப்பெண் போச்சு. அன்றிலிருந்து எந்தக் கெடுவையும் ஒரு நாள் முன்னதாகவே காலண்டரில் குறித்துவைக்கிறேன்.

இரவுப்பணி
இவ்வளவு பாடுபட்டு வாங்கும் பட்டத்தை யார் மதிக்கிறார்கள்? எங்கள் டீமில் பட்டமே இல்லாதவர்தான் எனக்கு மேலே இருக்கிறார்.

ஒன்பதுவருடம்
அது உண்மைதான். ஊரில் வாங்கிய டிகிரியைக் காட்டினால் "உள்ளூர் அனுபவம் உண்டா" என்கிறார்கள். அனுபவம் வந்த பிறகு "உள்ளூர் டிகிரி உண்டா" என்கிறார்கள்.

இரவுப்பணி
நேர்காணலில் என் பெயரைச் சொல்லவே மூன்று தடவை தடுமாறினார்கள். அப்போதே தெரிந்துவிட்டது, வேலை இல்லை என்று.

கணக்குஅக்கா
வருத்தம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை கெடு, இன்று புதன்.

தங்கச்சி, முதலில் நேரத்தைக் கணக்குப் போடு. பிரிட்டன் என்றால் மாஸ்டர்ஸ் 180 கிரெடிட், ஒன்றுக்குப் பத்து மணி நேர உழைப்பு, ஆக 1,800 மணி நேரம். இரண்டு வருடம் என்றால் லீவே இல்லாமல் வாரம் 17 மணி நேரத்துக்கு மேல் வரும். ஐரோப்பாவில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் என்றால் 120 ஈசிடிஎஸ் (அங்கத்திய கிரெடிட்), ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம், குறைந்தது 3,000. போன வாரத்தை எடுத்துக்கொள். வேலை, பயணம், சமையல், தூக்கம் எல்லாம் போக உன் கையில் நிஜமாக எவ்வளவு மிச்சம்? ஆசைக்கு எழுதாதே, நடந்ததை எழுது.

அப்புறம் உனக்கு எந்த வேலை வேண்டுமோ, அதற்கான விளம்பரங்களைப் பத்துப் பதினைந்து படித்துப் பார். எத்தனையில் மாஸ்டர்ஸ் கட்டாயம் என்று போட்டிருக்கிறது? அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரும்.

மேனேஜரிடம் மறைக்காதே. சில கம்பெனிகள் பணமே கொடுக்கும். ஆனால் படிப்பு முடிந்து இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், கையெழுத்துக்கு முன் அதைப் படி. பல்கலைக்கழகத்திடம் மூன்று கேள்வி கேள்: சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா, முன்பணம் திரும்புமா, மூன்று வருடமாக நீட்டிக்க முடியுமா. போனில் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்கிக்கொள். பிரிட்டனில் பல படிப்புகளில் 60 கிரெடிட்டோடு நிறுத்தினாலும் முதுநிலைச் சான்றிதழ் உண்டு. அதையும் கேள்.

புதுவரவு
மன்னியுங்கள், பதற்றத்தில் எதையும் ஒழுங்காக எழுதவில்லை. பிரிட்டன், ஸ்கில்டு ஒர்க்கர் விசா, டேட்டா சயன்ஸ். மூன்று வயதுப் பெண் குழந்தை. அதையும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அக்கா சொன்னபடி போன வாரத்தை நாள்வாரியாக எழுதினேன். மிச்சம் ஏழு மணி நேரம், அதில் பாதி அவள் தூங்கிய பிறகு. 1,800ஐ ஏழால் வகுத்தால் ஐந்து வருடம். தாளைப் பார்த்ததும் இவர் "சனிக்கிழமை முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். "உன் இஷ்டம்" என்பதைவிட அது எவ்வளவோ மேல். இன்று மேனேஜரிடமும் பேசினேன். கோபம் ஏதும் இல்லை, எந்தப் பாடங்கள் என்றுதான் கேட்டார்.

ஏடாஸ் பற்றியும் அந்த மூன்று கேள்விகளையும் இப்போதுதான் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று வருடமாக நீட்டிக்கலாம் என்றால் சேர்கிறேன். இரண்டே வருடம்தான் என்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கக் கேட்பேன்.

கணக்குஅக்கா
நாளை மதியம் வரை பதில் வராவிட்டால் மின்னஞ்சலுக்குக் காத்திருக்காதே, சேர்க்கைப் பிரிவுக்குப் போன் போட்டு, பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேள்.