குனிந்தால் ஒரு பக்க மூக்கில் மட்டும் நீர் சொட்டுகிறது: மூக்கு வழி அறுவைச் சிகிச்சை அவசியம்தானா?

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு மகள்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 51. எட்டு மாதங்களாக அவருடைய இடது மூக்கில் மட்டும் தண்ணீராக ஒழுகிக்கொண்டிருந்தது. தூசி ஒவ்வாமை என்று மாத்திரையும் ஸ்பிரேயும் கொடுத்தார்கள்; எதிலும் குறையவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் அம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, இழுத்த கோட்டின் மேலேயே சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து மாவு கரைந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சளிக்குரிய பிசுபிசுப்பு துளியும் இல்லை. தொண்டையில் இறங்கும்போது உப்புக் கரிப்பதாக அம்மா வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்த நீரைச் சேகரித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் (மூளைநீரை அடையாளம் காட்டும் ஒரு புரதம்) பரிசோதனைக்கு அனுப்பி, அது மூளையைச் சுற்றியுள்ள திரவமே என்று உறுதி செய்தார். மூக்கின் கூரையில் உள்ள சல்லடைத் தட்டு எலும்பில் சிறிய ஓட்டை இருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிகிறது. மூக்கு வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுச் செய்யும் என்டோஸ்கோப்பி மூலம் அடைக்க வேண்டும் என்கிறார். ஒழுகுவதைத் தவிர அம்மாவுக்கு வேறு தொல்லை எதுவும் இல்லாதபோது இது கட்டாயமா? மண்டையைத் திறந்து செய்தால்தான் நிலைக்கும் என்று என் மாமா சொல்வது சரியா?

பதில் 1 (காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை மருத்துவர்)

சகோதரி, அந்த ஓட்டை வழியாக நீர் வெளியே வருவதைவிட, மூக்கில் இயல்பாகவே வாழும் கிருமிகள் அதே வழியாக உள்ளே ஏறக்கூடும் என்பதே எங்கள் கவலை. மூளை உறையில் தொற்று ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தவர்களிலும் சிலருக்குச் செவித்திறன் போய்விடுகிறது. அடிபட்டு ஏற்படும் கசிவு சில நாள் படுக்கை ஓய்வில் தானாக நின்றுவிடுவது உண்டு. எட்டு மாதமாகத் தானாக ஒழுகும் கசிவு அப்படி நிற்கும் என்று காத்திருப்பது சரியாகாது.

உங்கள் மாமா சொல்வது ஒரு காலத்து நடைமுறை. 1926-இல் அமெரிக்க மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவர் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்துதான் இத்தகைய கசிவை அடைத்தார். அந்த முறையில் மூளையின் முன்பகுதியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் முகரும் நரம்புகள் அறுந்துபோவது சாதாரணம். 1981-இல் ஜெர்மானியக் காது மூக்கு தொண்டை மருத்துவர் விகாண்ட் என்டோஸ்கோப் வழியாக அடைத்துக் காட்டிய பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இன்று மூக்கின் கூரையில் உள்ள இத்தகைய சிறு ஓட்டைகளுக்கு மூக்கு வழியே முதல் தேர்வு. சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் முறையிலேயே கசிவு நின்றுவிடுகிறது.

அடைப்பு நிற்குமா என்ற சந்தேகம் நியாயமானது. ஓட்டையைச் சுற்றியுள்ள சவ்வை நீக்கி எலும்பை வெறுமையாக்கிய பிறகே ஒட்டு வைக்கிறோம். இல்லாவிட்டால் அது பிடிக்காது. தொடையிலிருந்து எடுத்த தசையுறையையோ கொழுப்பையோ எலும்புக்கு உட்புறமாக நுழைத்து வைக்கும்போது, வெளியே தள்ள முயலும் திரவத்தின் அழுத்தமே அந்த ஒட்டை எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் மூக்கின் சவ்வையே ஒரு போர்வையாக இடுகிறோம். மூக்கு வழியாகச் செய்தாலும் அந்தப் பக்கத்தில் வாசனை உணர்வு குறைய வாய்ப்புண்டு என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடிபடாமல் தானாக எலும்பு தேய்ந்து ஓட்டை விழுகிறதென்றால், பல நேரங்களில் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருப்பதே காரணம்; உடல் எடை கூடிய நடுத்தர வயதுப் பெண்களிடம் இதை அதிகம் காண்கிறோம். கசிவு இருக்கும்வரை அதுவே வடிகாலாக இருந்து அழுத்தத்தை மறைத்துவிடும். அடைத்த பிறகு தலைவலியோடு அது வெளிப்படலாம். ஆகவே எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், பார்வை நரம்பில் வீக்கம் உள்ளதா என்று கண் மருத்துவரின் பரிசோதனையும் கட்டாயம் தேவை. அழுத்தம் இருந்தால் அதைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையும் எடைக் குறைப்பும் சிகிச்சையில் சேரும். அழுத்தத்தைக் கவனிக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் வேறொரு பலவீனமான இடத்தில் மறுபடி கசியக்கூடும்.

பதில் 2 (இதே சிகிச்சை செய்துகொண்ட ஒருவர்)

எனக்கும் ஓராண்டு காலம் சளி என்றே மருந்து கொடுத்தார்கள். நனைந்த கைக்குட்டை காய்ந்த பிறகு மொரமொரப்பாகாமல் துவைத்து உலர்த்தியது போலவே மென்மையாக இருந்ததை என் மனைவிதான் முதலில் கவனித்தார். சிகிச்சைக்குப் பின் மூக்கைவிட, ஒட்டு எடுத்த தொடைதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆறு வாரத்துக்கு மூக்கைச் சிந்தவோ, குனியவோ, தண்ணீர்க் குடம் தூக்கவோ கூடாது என்றார்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையை உயர்த்தி வைத்தே படுக்க வேண்டும். மலச்சிக்கல் வந்து முக்கினால் ஒட்டு நகர்ந்துவிடும் என்பதால் முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து கொடுத்தார்கள். இதைச் சிறிய விஷயமென்று விட்டுவிடாதீர்கள். கோலம் போடும் வேலையைச் சில மாதங்களுக்கு நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கண் பரிசோதனையை யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை. நாளைக்கே அழைத்துச் செல்கிறேன். அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை என்ன கவனிக்க வேண்டும்?

பதில் 1 (மருத்துவர்)

மூளை உறைத் தொற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசியை அம்மா போட்டிருக்கிறாரா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், கடுமையான தலைவலி, கழுத்தைக் குனிய முடியாத விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, மூளைநீர் கசிவு இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.