அப்டேட்: குசினி பிளேட்டுக்குப் பட்டி வச்ச ஆள் நான்தான்

போன மாசம் போட்டது ஞாபகம் இருக்கா, உப்புவெளி வீட்டுக் குசினி பிளேட்டில, அதான் மேல போட்ட கொங்கிறீட் கூரையில, வெடிப்பு வந்து நானே பட்டி வச்சு பெயின்ற் அடிச்சு "சரியாக்கிட்டன்" எண்டு படமும் போட்டனே. கன பேர் மேசனைக் கூப்பிடு எண்டீங்க, நான்தான் கேக்கேல்ல.

மாரி தொடங்கி ரெண்டாம் கிழமை, விடியப்புறம், பட்டியோட சேத்து ஒரு துண்டு கழண்டு நேரா சோத்துப் பானைக்குள்ள. நல்லகாலம், மனிசி அப்பதான் தேங்காய் எடுக்க வெளிய போனவ.

பிறகு ஒரு மேசன் அண்ணை வந்து சுத்தியலால தட்டிப் பாத்தார், பாதிக்கு மேல பொக்கைச் சத்தம். உடைச்சா 10 மில்லி கம்பி சில இடத்தில ஈர்க்கு மாதிரி, தொட்டாலே கறள் பொருக்குப் பொருக்கா கொட்டுது. கட்டேக்க காசு மிச்சம் பிடிக்க கடல் மண்ணைக் கழுவாமலே கலந்திருக்கினம், உப்பு கம்பியைத் தின்னும், கறள் ஊதும், ஊதினா கொங்கிறீட்டைத் தள்ளி வெடிக்கப் பண்ணும், நான் என்னடாண்டா அதை வெளியால மூடி அழகு பாத்திருக்கன். கம்பிக்குக் கீழ கவரும் (கம்பியை மூடி நிக்கிற கொங்கிறீட் கனம்) இல்லை, பலகையில நேரா வச்சு ஊத்தியிருக்கு. கடலோரத்துக்கு 40 மில்லியாவது வேணுமாம்.

இப்ப முட்டுக் குடுத்து நிக்குது. உடைச்சுப் புதுசாப் போடோணும், மழை விட்டு தை கழிஞ்சுதான். அதுவரை சமையல் விறாந்தையில.

பட்டி அரை வாளி மிச்சம் கிடக்கு, ஆருக்கும் வேணுமெண்டா சொல்லுங்க.