எடை குறையணும்னா தூக்கத்துல கை வைக்காதே

அக்கா (அதிகாலை 2:47): யாராவது முழிச்சிருக்கீங்களா? 11 மணிக்குப் படுத்தேன், 2 மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுச்சு. புரண்டு புரண்டு படுத்தும் வரல. டயட் ஆரம்பிச்சதுல இருந்து இப்படித்தான் இருக்கு.

அக்கா (2:50): மாத்திரை போட மனசில்ல. இயற்கையா ஏதாவது வழி தெரிஞ்சா சொல்லுங்க. 4:30க்கு அலாரம் வேற. ஓடப் போகணும்.

அம்மா (5:20): இப்பதான் பாத்தேன். அலாரம் அடிச்சதும் எந்திரிச்சுட்டியா? திரும்பப் போய்ப் படு பாப்பா. ஒருநாள் ஓடலேன்னா ஒண்ணும் ஆகாது.

தம்பி (6:45): ஒருநாள் விட்டா பழக்கமே போயிடும்மா. அக்கா, தூக்கம் கொஞ்சம் கம்மியானா பயப்படாத. முழிச்சிருக்கிற நேரம் கூடுனா கலோரியும் கூடத்தானே எரியும்?

சித்தி (7:10): கொஞ்சம் கூட எரியறது நிஜம்தான்டா கண்ணா. ஆனா எரியறதைவிட அதிகமா சாப்பிட வெச்சுடும். தூக்க ஆய்வுக்கூட டியூட்டிக்குக் கிளம்பிட்டிருக்கேன், சாயங்காலம் விவரமா எழுதறேன். அதுக்குள்ள ஒரு கேள்வி. கண்ணு, ராத்திரி என்ன சாப்பிடற, எத்தனை மணிக்கு? காபி கடைசியா எப்போ?

அக்கா (7:32): ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன் சித்தி. மதியம் சாப்பிடறதோட சரி. பசி தாங்கலேன்னா சர்க்கரை போடாம கறுப்புக் காபி. நேத்து 7 மணிக்குக் குடிச்சேன்.

நான் (7:40): அக்கா, வெறும் வயித்துல படுத்தா எப்படித் தூக்கம் வரும்?

சித்தி (மாலை 6:15): வந்துட்டேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

சித்தி (6:24): காலைல தம்பி சொன்னதை முதல்ல எடுத்துக்கறேன், நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. 2010ல சிகாகோ பல்கலைக்கழக ஆளுங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. எடை கூடுதலா இருந்த 10 பேர். எல்லாருக்கும் கலோரி குறைச்ச சாப்பாடு. 14 நாள் படுக்கையில 8.5 மணி நேரம், இன்னொரு 14 நாள் 5.5 மணி நேரம். ரெண்டு தடவையும் ஏறக்குறைய 3 கிலோதான் இறங்குச்சு. ஆனா நல்லாத் தூங்கினப்போ அதுல 1.4 கிலோ கொழுப்பு. தூக்கத்தைக் குறைச்சப்போ 0.6 கிலோ மட்டும்தான். மீதி போனது பெரும்பாலும் தசை மாதிரி கொழுப்பில்லாத எடை. பசியும் அப்பதான் அதிகம்.

சித்தி (6:26): எடை மெஷின்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால யாருக்கும் புரியறதில்ல.

தம்பி (6:31): தசை போகுமா? இது எனக்குத் தெரியாது சித்தி.

சித்தி (6:38): போகும்டா. இன்னொண்ணும் கேளு. 2022ல அதே பல்கலைக்கழகத்துல இருந்து வந்தது. 6.5 மணி நேரத்துக்கும் கம்மியாத் தூங்கற 80 பேர்ல பாதிப் பேரைக் கூடுதலாத் தூங்க வெச்சாங்க. டயட் எதுவும் சொல்லல, உடற்பயிற்சியும் சொல்லல. சராசரியா 1.2 மணி நேரம் தூக்கம் கூடுச்சு. மத்தவங்களோட ஒப்பிட்டா, ஒரு நாளைக்கு சுமார் 270 கலோரி அவங்களாவே குறைச்சுச் சாப்பிட்டிருக்காங்க. யாரும் பட்டினி கிடக்கல.

அம்மா (6:41): தூங்கினாலே பசி அடங்குமா?

சித்தி (6:45): ஆமாக்கா. வயிறு நிறைஞ்சுதுன்னு மூளைக்குச் சொல்றது லெப்டின். பசியைக் கிளப்பறது கிரெலின். தூக்கம் குறைஞ்சா முதல்து இறங்கும், ரெண்டாவது ஏறும்னு 2004லயே காட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் வந்த எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லல. ஆனா தூக்கம் கெட்ட மறுநாள் இனிப்பும் பொரிச்சதும் இழுக்கறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

அக்கா (6:52): எனக்கு அப்படியே நடக்குது. சாயங்காலம் ஆனா இனிப்பு மேலதான் கண்ணு. மனக்கட்டுப்பாடு இல்லைன்னு நினைச்சு அழுதிருக்கேன்.

சித்தி (6:55): அழாத கண்ணு. உன் மனசுல ஒரு குறையும் இல்ல, உடம்பு தூக்கம் கேட்குது. சரி, இப்போ உன் 2 மணி முழிப்புக்கு வர்றேன்.

சித்தி (7:04): மதியத்துக்கு அப்புறம் 12 மணி நேரத்துக்கு மேல ஒண்ணும் சாப்பிடாம இருக்க. பசிச்ச உடம்பு ஆழ்ந்து தூங்காது. ஓரெக்சின்னு மூளையில ஒரு வேதிப்பொருள் இருக்கு, விழிப்பையும் பசியையும் சேர்த்தே தூண்டற வேலை அதுக்கு. சாப்பாடு தேடிப் போகட்டும்னு உடம்பே எழுப்பி விடுது. அதனால ராத்திரிச் சாப்பாடு திரும்ப வரணும். படுக்கறதுக்கு 3 மணி நேரம் முன்னாடி, அளவா, புரதமும் நார்ச்சத்தும் இருக்கிற மாதிரி. வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தா நெஞ்செரிச்சல்ல முழிப்பு வரும், அதுவும் வேண்டாம். நாள் முழுக்கச் சாப்பிடற மொத்த அளவுல கொஞ்சமா குறைச்சா போதும். ஒரு வேளையை அடியோட வெட்டாத.

அத்தை (7:08): நான் சர்க்கரைக்கு மாத்திரை போடறேனே, எனக்கும் இதேதானா?

சித்தி (7:11): அண்ணி, உங்களுக்கு இன்னும் கவனம் வேணும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கறவங்க ராத்திரிச் சாப்பாட்டைத் தானா விடவே கூடாது. தூக்கத்துலயே சர்க்கரை இறங்கிடலாம். வேர்த்து, படபடப்போட முழிப்பு வந்தா உடனே சோதிச்சுப் பாருங்க. டயட்டை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க.

நான் (7:15): காபி எத்தனை மணியோட நிறுத்தணும் சித்தி?

சித்தி (7:19): குடிச்ச காஃபீன்ல பாதி ரத்தத்தை விட்டுப் போகவே 5 மணி நேரம் மாதிரி ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். 7 மணிக்குக் குடிச்சா நடுராத்திரியிலும் பாதி உள்ளேயே இருக்கு. மதியத்தோட நிறுத்திடறது நல்லது. டீயும் அப்படித்தான். பசிக்குக் காபி குடிக்கறதை அக்கா இன்னிக்கே விடணும்.

தம்பி (7:26): ஜிம்முக்கு முன்னாடி குடிக்கிற பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். ஒரு கரண்டியில 200 மில்லிகிராம் காஃபீன் போட்டிருக்கு. நான் ராத்திரி 8:30க்குக் குடிக்கறேன்.

சித்தி (7:29): அதான் நீ 1 மணி வரைக்கும் ஆன்லைன்ல இருக்க. பவுடரை விட்டுடு. ராத்திரி உடற்பயிற்சி தப்பில்ல, ஆனா கடுமையானதைப் படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியாவது முடிச்சிடு. முடிஞ்சா சாயங்காலத்துக்கு மாத்திக்கோ.

தம்பி (7:30): சரி சித்தி. மாத்தறேன்.

அக்கா (7:34): அப்போ காலைல ஓடறது? விடவும் மனசு வரல.

சித்தி (7:43): ஓடு, ஆனா தூக்கத்தை வெட்டி ஓடாத. பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும். 11 மணிக்குப் படுக்கறவ 4:30க்கு எந்திரிச்சா எங்க கிடைக்கும்? 6:15க்கு எந்திரி. ஞாயித்துக்கிழமையும் அதே நேரம். படுக்கற நேரத்தைவிட எந்திரிக்கற நேரம் மாறாம இருக்கறதுதான் முக்கியம், உடம்புக் கடிகாரம் அதை வெச்சுத்தான் ஓடுது. எந்திரிச்சதும் வெளிச்சத்துல நட. காலை வெயில் பட்டா, தூக்க நேரம்னு உடம்புக்குச் சொல்ற மெலடோனின்ங்கற ஹார்மோன் ராத்திரி நேரத்துக்குச் சுரக்கும்.

அக்கா (7:47): நடுராத்திரி முழிச்சா என்ன பண்றது? நேத்து மணி பாத்துக்கிட்டே கிடந்தேன். குழுவுல வேற வந்து எழுதினேன்.

சித்தி (7:55): கடிகாரத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வை. போனை வேற ரூம்ல வெச்சுடு, அலாரத்துக்குத் தனியா ஒண்ணு வாங்கிக்கோ. 20 நிமிஷம் மாதிரி ஆகியும் தூக்கம் வரலேன்னு தோணினா எந்திரிச்சுடு. மங்கலான வெளிச்சத்துல மனசை அலைக்கழிக்காத எதையாவது பண்ணு, கண்ணு சொக்கினதும் திரும்பப் போய்ப் படு. படுக்கைன்னா தூக்கம்னு மட்டும் உடம்பு பழகணும். இது 1972ல இருந்தே சொல்லிக் கொடுக்கற முறை. வாரத்துல 3 நாளாவது, 3 மாசமா இப்படியே இருந்தா அதைத் தூக்கமின்மைன்னு எடுத்துக்கிட்டு, அதுக்குன்னே இருக்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குப் போகணும், அதாவது தூக்கத்தைக் கெடுக்கற எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தற பயிற்சி. மாத்திரைக்கு முன்னாடி அதைத்தான் முதல்ல பரிந்துரைக்கறாங்க. உனக்கு அந்த அளவுக்குப் போகாதுன்னு நம்பறேன்.

சித்தி (7:57): வெதுவெதுப்பான தண்ணியில படுக்கறதுக்கு 1, 2 மணி நேரம் முன்னாடி குளிச்சுப் பாரு. கை கால்ல ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வெளியேறும், உடம்பு குளிர்ந்தாத்தான் தூக்கம் பிடிக்கும்.

அத்தை (8:05): "இயற்கை மூலிகை, ஒரே மாத்திரையில ஆழ்ந்த தூக்கம், எடையும் குறையும்"னு ஒண்ணு வந்திருக்கு. இங்க போடவா?

சித்தி (8:08): வேண்டாம் அண்ணி. இயற்கைன்னு எழுதிட்டா பாதுகாப்புன்னு ஆகிடாது. எடை குறைக்கற மாத்திரை நிறையதுல காஃபீன் மாதிரி தூக்கத்தைக் கெடுக்கற பொருள்தான் இருக்கும்.

மாமா (8:20): எனக்கு இதெல்லாம் தேவையில்லம்மா. படுத்த உடனே தூங்கிடறேன். 9 மணி நேரம் தூங்கியும் பகல்ல அசதிதான் போக மாட்டேங்குது. அதனால நடக்கவும் முடியல.

அத்தை (8:22): குறட்டை வீட்டையே எழுப்புது. நடுவுல சத்தமே நின்னு போய், அப்புறம் திணறிக்கிட்டு மூச்சு விடறார். எனக்குப் பயமா இருக்கு.

சித்தி (8:25): அண்ணா, இதை ஏன் முன்னாடியே சொல்லல? மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அது தூக்க மூச்சுத்திணறலா இருக்கலாம். வெந்நீர்க் குளியலும் காபி நிறுத்தறதும் இதுக்குப் போதாது. ராத்திரி முழுக்க உங்களுக்கே தெரியாம மூளை முழிச்சு முழிச்சு மூச்சை மீட்டுக்கிட்டு இருக்கும். ரத்த அழுத்தமும் ஏறும். அசதியா இருக்கறப்போ வண்டி ஓட்டாதீங்க, தயவுசெஞ்சு.

மாமா (8:29): எடை குறைச்சா சரியாகிடாதா?

சித்தி (8:33): குறைச்சா நல்லாவே உதவும். எடையில 10 சதவீதம் இறங்கினா, மூச்சு தடைபடற எண்ணிக்கை கால் பங்குக்கு மேல குறையும்னு 2000ல வந்த விஸ்கான்சின் ஆய்வு கணக்கு சொல்லுது. ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கற காற்றழுத்தக் கருவி மாட்டித் தூங்கினா பகல் அசதி குறையும், நடக்கவும் தெம்பு வரும். மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுங்க. மது ராத்திரி வேண்டவே வேண்டாம், தொண்டைத் தசையைத் தளர்த்திக் குறட்டையைக் கூட்டிடும்.

மாமா (8:40): சரிம்மா. எங்க வரணும், சொல்லு.

சித்தி (8:44): எங்க தூக்க ஆய்வுக்கூடத்துல, தூங்கறப்போ மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கற சோதனைக்கு வியாழக்கிழமை ராத்திரி இடம் இருக்கு, உங்க பேரை எழுதிட்டேன். அன்னிக்குப் பகல்ல தூங்காதீங்க, மதியத்துக்கு அப்புறம் காபி, டீ கூடாது. தலையில எண்ணெய் வைக்காம வாங்க, சென்சார் ஒட்டாது.

அத்தை (8:46): நானும் கூட இருக்கலாமா?

சித்தி (8:47): கேட்டுச் சொல்றேன் அண்ணி. அவரோட மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் ஒரு பையில எடுத்து வைங்க. குறட்டையை இன்னிக்கு ராத்திரி போன்ல ஒரு நிமிஷம் பதிவு பண்ணி எனக்குத் தனியா அனுப்புங்க, டாக்டர்கிட்ட காட்டறேன்.