யாழ்ப்பாணத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் திருத்தும் ஆக்கள் இருக்கிறார்களா?

வணக்கம் உறவுகளே. என் கிட்டாரில் பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃப்ரெட்) மேலே இரண்டாம் கம்பியை இழுத்து வளைத்தால் சத்தம் அப்படியே செத்துப்போகிறது. ப்ளூஸ் இசையில் அந்த இழுப்புத்தானே உயிர்! கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் டவுண் பக்கம் இருந்தால் சொல்லுங்கோ. கொழும்புக்கு பஸ்ஸில் போட்டுவிட மனம் வரவில்லை.

நல்ல நிக்கல் கம்பி எந்தக் கடையில் கிடைக்கும்? கடற்காற்றுக்குச் சீக்கிரம் கறள் பிடிக்கிறது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வோன் 13 கேஜ் தடிப்புக் கம்பியை அரைச் சுரம் இறக்கிக் கட்டி வாசித்தவர். என் விரலுக்கு 10 போதும், அதுவே நோகுது.

அப்புறம், ஞாயிறு பின்னேரங்களில் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் பாட்டுகளைக் கேட்டு, 12 பார் (பன்னிரண்டு தாள அளவில் சுற்றி வரும் ப்ளூஸ் வடிவம்) வாசித்துப் பழக விருப்பமானவர்கள் உள்பெட்டிக்கு வாங்கோ. அம்ப் என்னிடம் இருக்கு. ட்ரம்ஸ் அடிக்கிற ஆள்தான் இல்லை.