‘டைரக்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்: பொருளும் வேரும்

கேள்வி (மண்டபம்):
போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ராமேசுவரத்தில் கோயிலுக்கு வழி கேட்கும் யாத்திரிகருக்கு வழி சொல்வது, நீதிமன்றம் ஓர் அதிகாரிக்கு உத்தரவிடுவது, திரைப்படத்தை இயக்குவது ஆகிய மூன்றுக்கும் ‘டைரக்ட்’ என்ற ஒரே வினைச்சொல் வருவது அவர்களைக் குழப்புகிறது. வேரிலிருந்து விளக்க முடியுமா?

பதில் (கீழக்கரை):
ஐயா, லத்தீனில் ‘ரெகெரே’ என்றால் நேர்வழியில் நடத்துதல், ஆளுதல். அதிலிருந்து பிறந்த ‘டிரிகெரே’ என்ற வினைக்கு நேராக்குதல், ஓர் இலக்கை நோக்கி நேரே செலுத்துதல் என்று பொருள். அதன் எச்ச வடிவமே ‘டைரக்ட்’ ஆயிற்று. ‘கரெக்ட்’ என்பதும் அதே வேரில் வந்ததுதான். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஆங்கிலத்தில் நுழைந்தபோது, கடிதத்தை இன்னாருக்கு என்று எழுதி விடுப்பதையும் வழிகாட்டுவதையும் குறித்தது. கட்டளைப் பொருள் பிறகு வந்தது. சினிமாப் பொருள் 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. ஆகவே, ‘ஒன்றை நேரே செலுத்துதல்’ என்பதைப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொண்டால், செலுத்தப்படுவது ஆளா, கடிதமா, நடிகரா என்று பார்த்தே பொருளைத் தேறிவிடுவார்கள்.

பதில் (தங்கச்சிமடம்):
இன்னொரு கிளையும் உண்டு. இறந்தோருக்கான லத்தீன் செபத்தில், ஆண்டவரே என் வழியைச் செம்மைப்படுத்தும் என்று வேண்டும் பகுதி ‘டிரிகே’ என்று தொடங்கும். இரங்கற்பாவைக் குறிக்கும் ‘டர்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. கடலோரப் பிள்ளைகளுக்கு ‘கவர்ன்’ என்ற வினையையும் சொல்லிக்கொடுங்கள். கப்பலைச் செலுத்துவதைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்து, நாட்டை ஆள்வது என்று ஆகிவிட்டது. சுக்கான் பிடித்தவனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பதில் (தொண்டி):
மொழிபெயர்ப்பில் ஒரு கவனம் தேவை. வானிலை அறிக்கையில் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’. அதன் ஆங்கில வடிவில் இருப்பது ‘அட்வைஸ்’ என்ற சொல். நீதிமன்றம் ‘டைரக்ட்’ செய்தாலோ, அது கட்டுப்படுத்தும் ஆணை. அங்கே ‘உத்தரவிட்டது’ என்றுதான் எழுத வேண்டும். ‘அறிவுறுத்தியது’ என்று நாளிதழ்கள் எழுதும்போது ஆணையின் வலு குறைந்துவிடுகிறது. திரைப்படத்துக்கு ‘இயக்கு’ என்பது இங்கே நிலைத்துவிட்டது. ஆயினும், பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் நாடகத்துக்கு வழங்கும் ‘நெறியாள்கை’ என்ற சொல்லில் வழியும் ஆட்சியும் சேர்ந்தே இருப்பதால், லத்தீன் வேருக்கு அதுவே மிக நெருக்கமானது என்பது என் கருத்து.