அடி வாங்கி வளரும் டெக்: குள்ளர்களோடு ஆன்டுயின் ஆற்றில்

பாளையங்கோட்டைக்காரர்:

டோல்கீன் கதையை வைத்துச் செய்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்ட் கேம்’ ஆடுகிறவர்கள் நம் பக்கம் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அதில் வரும் குள்ளர் இனத்தை மட்டும் வைத்து டெக் (ஆடுவதற்குத் தேர்ந்தெடுத்த கார்டுக் கட்டு) கட்டிய கதையோடு நான் ஆரம்பிக்கிறேன்.

பெட்டி வந்தது சித்தப்பா மகன் மூலம். லீவுக்கு ஊருக்கு வந்தவன் 2022-இல் வெளியான திருத்திய பதிப்பைக் கொண்டு வந்தான். 2011-இல் வந்த முதல் பெட்டியில் சில நல்ல கார்டுகள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இதில் ஆடுபவருக்கான கார்டு ஒவ்வொன்றும் மூன்று. ஒரு டெக்கில் ஒரே பெயரை மூன்றுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் அதுவே தாராளம்.

முதல் நாள் திண்ணையில் பரப்பியதுமே ஆச்சி எட்டிப் பார்த்தாள்.

“சீட்டால ஆடுதிய?”

“காசு கிடையாது ஆச்சி. எங்களுக்குள்ள போட்டியும் கிடையாது. ரெண்டு பேரும் ஒரே கட்சி.”

“அப்ப எதிராளி யாரு?”

எதிரிகள் வரும் கட்டான என்கவுன்டர் டெக்கைக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி, விளக்கு வைக்கதுக்குள்ள எடுத்து வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்குக் குள்ளர்கள்மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு பிடிப்பு உண்டு. ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் நிற்கும் மூன்று ஹீரோக்களைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் ஆகவில்லை: கிம்லி, க்ளோயின், தாலின். பெட்டியில் இருக்கும் 12 ஹீரோக்களில் குள்ளர்கள் இந்த மூன்று பேர்தான். சிக்கல் அதற்கு அப்புறம்தான். டெக்குக்குக் குறைந்தது 50 கார்டு வேண்டும். இந்த மூவரும் தாக்குதல், தலைமை என்ற இரண்டு பிரிவுகளின் கார்டுகளுக்குத்தான் காசு (சுற்றுக்கு ஆளுக்கு ஒன்று வரும் டோக்கன்) கொடுக்க முடியும். அந்த இரண்டிலும் குள்ளர் கார்டு என்று சொல்லத்தக்கவை வெட்டரன் ஆக்ஸ்ஹேண்ட், லாங்பியர்ட் ஆர்க் ஸ்லேயர், ப்ரோக் அயர்ன்ஃபிஸ்ட், ‘கஸாத்! கஸாத்!’, ட்வார்வன் ஆக்ஸ். மூன்று மூன்றாகப் போட்டாலும் 15. மிச்சம் 35-க்கு எங்கே போவது?

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பலமான கார்டு எது எது என்று பார்த்து நிரப்பினேன். ஃபாராமிர் வந்தான், கோண்டோர் என்ற மனித நாட்டின் ஈட்டிக்காரர்கள் வந்தார்கள், கோட்டைக் காவலர்கள் வந்தார்கள், கூடுதல் காசு தரும் பட்டமான ஸ்டூவர்ட் ஆஃப் கோண்டோர் வந்தது. ஆடிப் பார்த்தால் டெக் நகரவே இல்லை. காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. கிம்லியின் தாக்கும் பலம் வெறும் 2. ஆனால் அவன் மேல் இருக்கும் ஒவ்வொரு காயத்துக்கும் ஒன்று கூடும். க்ளோயின் எத்தனை அடி வாங்குகிறானோ அத்தனை காசு அவனுக்குச் சேரும். நானோ ஈட்டிக்காரனையும் காவலனையும் முன்னால் நிறுத்தி ஒரு கீறல் விழாமல் இருவரையும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அடி வாங்குவதற்கென்றே செய்த ஹீரோக்களை அடியிலிருந்து காப்பாற்ற ஒரு டெக்!

அன்றைக்கே ஃபாராமிரையும் காவலர்களையும் டெக்கிலிருந்து நீக்கினேன். ஸ்டூவர்டையும் நீக்கினேன். குள்ளனுக்கு எதற்குக் கோண்டோர் பட்டம்? க்ளோயின் பட்ட காயத்திலேயே சம்பாதிப்பான். மந்திரவாதி காண்டால்ஃபை மட்டும் விடவில்லை, குள்ளர் பயணத்தில் அவர் வருவது கதைக்கு ஒட்டும். இரண்டாவது டெக்கின் அச்சாணி சிட்டாடல் பிளேட். அதுவும் பெயரளவில் கோண்டோர் கவசம்தான், தெரியும். ஆனால் போட்டவனுக்கு 4 உயிர்ப் புள்ளி கூடுகிறது. கிம்லிக்கு 5 போய் 9 ஆகிறது. அவ்வளவு இடம் இருந்தால்தான் அடியைத் தாங்கி நிற்க முடியும்.

சோதனையை எப்படிச் செய்தேன் என்றால், முதலில் ஆடவே இல்லை. கலைத்து ஆறு கார்டு எடுப்பேன், பிளேட் இல்லையென்றால் விதிப்படி ஒருமுறை மாற்றி எடுப்பேன், பிறகு இரண்டு சுற்றுக்கு ஒவ்வொரு கார்டு. நோட்டில் ஒரு கோடு. கணக்குப் போட்டாலும், 50-இல் மூன்று இருக்கும் கார்டு இந்த வழியில் இரண்டாவது சுற்றுக்குள் கைக்கு வர நூற்றுக்கு 60 வாய்ப்பு. டெக்கை 55, 60 என்று பெருக்கினால் இது சரியும். ஆசைப்பட்டு ஒரு கார்டு சேர்க்கத் தோன்றும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டேன். 50-ஐத் தாண்டவில்லை. மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒரே கார்டைத்தான் மாற்றினேன்.

ஏன் இரண்டாவது சுற்று? அதை, பெட்டியில் உள்ள ‘ஜர்னி அலாங் தி ஆன்டுயின்’ என்ற ஆற்றுப் பயணச் சாகசத்தை ஆடியவர்கள் கேட்க மாட்டீர்கள். ஆரம்பத்திலேயே ஹில் ட்ரோல் என்ற பூதம் வந்து நிற்கும். அதைக் கொல்லாமல் முதல் கட்டத்தைத் தாண்ட முடியாது. தாக்கும் பலம் 6, தற்காப்பு 3, உயிர் 9. நம் த்ரெட் (ஹீரோக்களின் எண்ணைக் கூட்டித் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் ஆபத்துக் கணக்கு; 50 ஆனால் நாம் வெளியே) 30-ஐத் தொட்டதும் நம்மிடம் பாயும். என் மூவரின் த்ரெட் 11, 9, 9. கூட்டினால் 29. முதல் சுற்று முடிவில் ஒன்று ஏறி 30. ஆக இரண்டாவது சுற்றில் அது வந்தே தீரும். பிளேட்டின் விலை 4. கிம்லியும் தாலினும் சுற்றுக்கு ஆளுக்கு ஒரு காசு தருகிறார்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் பொறுத்திருந்தால் இரண்டாவது சுற்றில் சரியாக 4. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி அந்த ஆட்டம். தம்பி லோர், ஸ்பிரிட் என்ற மற்ற இரண்டு பிரிவுகளையும் கலந்து ஒரு டெக் வைத்திருந்தான். இரண்டாவது சுற்றில் கிம்லிக்குப் பிளேட் மாட்டினேன். தாலின் பயணத்துக்கு, அதாவது முன்னேற்றம் சேர்க்கும் வேலைக்கு, போனான். அவன் பயணத்தில் இருந்தால் புதிதாக வெளிப்படும் எதிரி ஒவ்வொன்றும் ஒரு காயத்தோடுதான் வரும். ஈஸ்டர்ன் க்ரோஸ் காகங்களுக்கு உயிரே ஒன்றுதான், வந்ததும் விழுந்தது. ட்ரோல் பாய்ந்தது. நான் யாரையும் தடுக்க நிறுத்தவில்லை. எதிரி அடிக்கும்போது அதற்குச் சேரும் நிழல் கார்டிலும் ஒன்றும் இல்லை. ஆறு அடியும் கிம்லி மேல். உயிர் மூன்று மிச்சம், ஆனால் தாக்கும் பலம் 8. கையில் ‘கஸாத்! கஸாத்!’ இருந்தது, விலை பூஜ்யம், பலம் 3 கூடும். பக்கத்தில் க்ளோயின் 2. மொத்தம் 13, ட்ரோலின் தற்காப்பு 3 போக 10. உயிர் 9. முடிந்தது என்று கார்டை எடுக்கப் போகிறேன், தம்பி தன் ‘டாட்டர் ஆஃப் தி நிம்ரோடெல்’ கார்டைச் சாய்த்துப் பயன்படுத்திவிட்டான்.

“பாவம்ணே கிம்லி. ரெண்டு காயத்தை ஆத்திட்டேன்.”

“எலேய், அவனை ஆத்தாதல!” என்று நான் கத்துவதற்குள் டோக்கன் இரண்டும் அவன் கையில். கூட்டிப் பார்த்தோம். 11. போக 8. ட்ரோல் ஒற்றை உயிரோடு நின்றது. அடுத்த சுற்றில் ஆக்ஸ்ஹேண்டை இறக்கித் தடுக்கவிட்டேன். அவன் போனான், மிச்ச அடி மூன்றும் அந்த ட்ரோலின் விதிப்படி என் த்ரெட்டில் ஏறியது. இரண்டாவது கட்டத்துக்கு 16 முன்னேற்றம் வேண்டும், சுற்றுக்கு ஒரு கார்டு கூடுதலாகவும் வரும். அங்கே என் த்ரெட் 50-ஐத் தொட்டு நான் வெளியேறினேன்.

தம்பி மேல் தப்பே இல்லை. என் டெக் எப்படி மூச்சு விடுகிறது என்று ஆரம்பத்திலேயே அவனிடம் சொல்லியிருக்க வேண்டியது நான்தான். இப்போது உட்கார்ந்ததும் முதலில் சொல்வது: க்ளோயினை ஆற்று, ஆற்ற ஆற்ற அவன் மறுபடி அடி வாங்கிக் காசு கொண்டு வருவான். கிம்லியை, சாகும் நிலை வந்தாலொழிய, தொடாதே. அப்படி ஆடிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றைத் தாண்டிவிட்டோம்.

தென்காசிக்காரர்:

அண்ணாச்சி, அதே மூவரை நானும் ஆடியிருக்கிறேன். ப்ரோக் அயர்ன்ஃபிஸ்டை எடுத்துவிடாதீர்கள். விலை 6 என்று பார்த்ததும் எல்லோரும் ஒதுக்குவார்கள். சாரல் சீசனில் ஒரு ராத்திரி நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். க்ளோயின் உயிர் கணக்கைத் தப்பாகப் போட்டு, தடுக்காமல் விட்ட அடியில் அவனையே இழந்தேன். கையில் ப்ரோக். நம் குள்ளர் ஹீரோ ஒருவர் களத்தை விட்டுப் போனால் இவன் காசில்லாமல் கையிலிருந்து இறங்கலாம். இறக்கினேன். அந்த ஆட்டத்தில் தோற்றேன், அதுவும் மோசமாக. ஆனால் ஒருத்தன் விழுந்த இடத்துக்கு அவன் சனத்திலிருந்து இன்னொருத்தன் வந்து நின்றான் பாருங்கள், அது மனதில் அப்படியே நிற்கிறது. இப்படி ஒரே இனத்தை வைத்துத் தீம் டெக் கட்டுவது எனக்கு இதற்காகத்தான். ஒன்று மட்டும் வையுங்கள், மூன்று வேண்டாம்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

நான் ரோஹன் ஆள், கதையில் வரும் குதிரை வீரர்கள் பக்கம். எயோவின், தெயோத்ரெட், டூன்ஹெரே. த்ரெட் 25-தான், ஐந்து சுற்றுக்கு ட்ரோல் நம் பக்கம் திரும்பாது. டூன்ஹெரே தனியாகப் போய், இன்னும் நம்மிடம் வராத எதிரியையே தாக்கலாம், அப்போது பலம் ஒன்று கூடி 3. குதிரையில் போய் வெட்டிவிட்டுத் திரும்புகிற மாதிரியே இருக்கும். ஆனால் ட்ரோலின் தற்காப்பும் 3. மூன்றில் மூன்று போனால் பூஜ்யம்! இரண்டு ஆட்டம் இதிலேயே மாட்டிக்கொண்டேன். மூன்றாவதில் ‘ஸ்னீக் அட்டாக்’ என்ற கார்டில் ஒரு காசுக்கு காண்டால்ஃபை இறக்கினேன், ட்ரோலுக்கு 4 காயம். கட்டம் முடிந்ததும் அவர் கைக்குத் திரும்பிவிட்டார். இன்னொரு ஸ்னீக் அட்டாக் வரும்வரை காத்திருந்து மறுபடி இறக்கினேன், எட்டு. மிச்சம் ஒன்று. அதற்கு ‘ஃபார் கோண்டோர்!’ போட்டு எல்லோருக்கும் பலம் ஒன்று கூட்டினேன், டூன்ஹெரேக்கு 4. போக 1. விழுந்தது. ரோஹன் டெக்கில் கோண்டோர் முழக்கமா என்று கேட்காதீர்கள். கோண்டோருக்கு ஆபத்து என்றால் ஓடி வந்தவர்கள் அவர்கள்தானே.

ஜங்ஷன் பக்கத்திலிருந்து:

ஆட்டத்தைப் பற்றி அல்ல, கார்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. பெட்டி கீழ்த்தட்டில் இருந்தது. என் எல்ஃப் டெக்குக்கு மட்டும் ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டிருந்தேன், துடைத்து உலர்த்தியதில் பெரும்பாலும் தப்பியது. ஸ்லீவ் போடாத என்கவுன்டர் கார்டுகள் கட்டாக ஒட்டிக்கொண்டன, பிரித்தால் படம் உரிந்து வருகிறது. த்ரெட் சுற்றும் அட்டைச் சக்கரம் ஊதிப்போய் சுற்றவே இல்லை. இப்போது நோட்டில்தான் த்ரெட் எழுதுகிறோம், காயத்துக்குப் புளியங்கொட்டை. கார்டு அளவு 63.5-க்கு 88 மில்லிமீட்டர். அந்த அளவு ஸ்லீவ் சுலபமாகக் கிடைக்கிறது. தயவுசெய்து எதிராளி கட்டுக்கும் சேர்த்துப் போட்டு, பெட்டியைப் பரணில் வையுங்கள்.

பாளையங்கோட்டைக்காரர்:

படிக்கவே மனது கஷ்டமாக இருக்கிறது. என்கவுன்டர் டெக்குக்கு நானும் ஸ்லீவ் போடவில்லை, இன்றைக்கே ஆர்டர் போடுகிறேன். பெட்டியும் மேலே போய்விட்டது.

தென்காசி அண்ணாச்சி, ப்ரோக்கை ஒன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு இடத்துக்கு ஃபெய்ன்ட் போட்டுப் பார்க்கிறேன். ஒரு எதிரியை அந்தக் கட்டம் முழுக்க அடிக்கவிடாமல் செய்யும், கிம்லி நிறைந்த காயத்தோடு நிற்கும்போது தேவைப்படும்.

அடுத்த சாகசம் ‘எஸ்கேப் ஃப்ரம் டால் குல்டூர்’. தம்பிக்கு லீவு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதில் ஆரம்பத்திலேயே ஒரு ஹீரோவைக் கண்ணை மூடி எடுத்துச் சிறையில் வைக்க வேண்டும். ஆறு பேரில் யார் மாட்டுவார் என்று தெரியாது. கிம்லி இல்லாமலும் இந்த டெக் நிற்குமா என்று பார்க்க, நேற்று ராத்திரி அவனை எடுத்து வைத்துவிட்டுத் தனியாக நான்கு கை எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் பிளேட்டை க்ளோயினுக்குத்தான் மாட்ட வேண்டியிருந்தது. அவன் எத்தனை அடி வாங்கினாலும் அத்தனை காசு. அந்தக் காசில் ஆர்க் ஸ்லேயர்களை இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு வந்து எழுதுகிறேன்.