உதவி: எக்ஸோஸ்கெலிட்டனை ஆட்கள் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள்

கிடங்குக்காரன், கஞ்சிக்கோடு:
அவசரம். எக்ஸோஸ்கெலிட்டன், அதாவது சுமை தூக்கும்போது முதுகுக்குத் துணையாக உடம்பில் பட்டை போட்டு மாட்டிக்கொள்ளும் சட்டகம், முதுகுவலிக்கு நல்லது என்று முதலாளி இரண்டு வாங்கிக் கொடுத்தார். ஆட்கள் அரை மணி நேரம்கூடப் போட்டிருப்பதில்லை. தேர்வடம் பூட்டியது போல இருக்கிறதாம். திங்கட்கிழமை முதலாளி வருகிறார். என்ன செய்வது?

சுருள்வில்:
மோட்டார் உள்ளதா, வெறும் ஸ்பிரிங்கா? என்ன வேலை? எத்தனை பேருக்கு இரண்டு?

வாளையார்க் காற்று:
வெயில்தான் காரணம். ஏப்ரலில் பனியனே சுமை. பெரிய மின்விசிறி போடுங்கள்.

பழைய ஃபிட்டர் (மூத்த உறுப்பினர்):
தம்பி, இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. குனியும்போது ஸ்பிரிங் விசையைச் சேர்த்து வைக்கும், நிமிரும்போது திருப்பித் தரும். முதுகில் குறைகிற பாரம் காற்றிலா கரையும்? நெஞ்சிலும் தொடையிலும்தான் அழுத்தும். பள்ளிக்கூடப் பாடம்.

கிடங்குக்காரன்:
ஸ்பிரிங்தான். எட்டுப் பேர். மாட்டுத்தீவன மூட்டை.

பேக்கிங் அக்கா:
இரண்டை எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் போட்டால், அடுத்தவர் வியர்வையில் ஊறியதை யார் விரும்பித் தொடுவார்கள்? எங்கள் பிரிவில் முதலில் வந்ததில் நெஞ்சுப் பட்டை இருந்தது. பெண்களும் போடுவார்கள் என்று செய்தவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. பிறகு தோளில் பை மாதிரி மாட்டும் துணி வகை வந்தது. அதை யாரும் கழற்றுவதில்லை.

எடைக்கல்:
மூட்டையைச் சிறிதாக்காமல் மனிதனுக்கு ஸ்பிரிங் கட்டுவது என்ன நியாயம்? தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியாஷ் (NIOSH) அமைப்பின் 1991 சுமை தூக்கும் சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே உச்சம் 23 கிலோதான்.

பழைய ஃபிட்டர்:
எந்த ஆலை ஐயா 23 கிலோவில் கட்டுகிறது? 2022 ஜூலையில் 25 கிலோ வரை கட்டிய அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததும் 26 கிலோ மூட்டை வந்ததே, மறந்துவிட்டதா?

எடைக்கல்:
அது வரிக்காக. முதுகுக்காக யாரும் ஒரு கிலோ குறைத்ததுண்டா?

சுருள்வில்:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கிடங்குக்காரரே, தலைச்சுமையா? ஆட்கள் என்ன உடுத்துகிறார்கள்?

கிடங்குக்காரன்:
ஆறு பேர் லாரியிலிருந்து தலையில் சுமந்து வருவார்கள், இருவர் தரையிலிருந்து எடுத்து அடுக்குவார்கள். கைலிதான். இதையெல்லாமா சொல்ல வேண்டும்?

சுருள்வில்:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! கைலிமேல் தொடைப் பட்டை நிற்காது. மடித்துக் கட்டினால் வெறும் தொடையில் உராயும். தலையில் சுமந்து நடப்பவருக்கு அந்த ஸ்பிரிங்கால் பயனில்லை. எட்டு வைக்கும்போது தொடையைப் பின்னால் தள்ளி எரிச்சல்தான் மூட்டும். அடுக்குகிற இருவருக்கு மட்டும் ஆளுக்கொன்று கொடுங்கள். பேன்ட் போடச் சொல்லுங்கள். பட்டைகளை அவரவர் உடம்புக்கு அளவு வைத்து, முதல் நாள் சிறிது நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

கிடங்குக்காரன் (நான்கு நாள் கழித்து):
ஒருவர் மகனுடைய பேன்டைப் போட்டு வந்தார், மதியம் வரை கழற்றவில்லை. இன்னொன்று ஆணியில்தான் இருக்கிறது. லாரி வந்துவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

வாளையார்க் காற்று:
மின்விசிறி போட்டீர்களா?